இந்தூரை விட்டுப் பறந்த பறவைகள்

ஒரு சிலையைப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போவது கொஞ்சம் அசட்டுத்தனமான காரியம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். படந்தான் புஸ்தகத்தில் இருக்கிறதே என்பது அவர்கள் கட்சி. இதே ஆசாமிகள் திருப்பதி வேங்கடாசலபதியின் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் மலையேறவும் தவறுவதில்லை. படம் வேறு, நேரே போய் நிற்பது வேறு என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. கலைக்கும் அது பொருந்தும் என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வருவதில்லை.

ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சென்ற நூற்றாண்டில் பெயர் பெற்ற பல கலைப் பொருள்களை நேரில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவற்றின் பின்னாலிருக்கும் யோசனை தெரிந்தால் போதும். மார்ஸெல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ல் பீங்கானால் ஆன மூத்திரத் தொட்டி ஒன்றைச் சிற்பம் என்று சொல்லி நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். அது நல்ல யோசனையோ கெட்ட யோசனையோ, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே யோசித்துவிடக்கூடிய யோசனை. அந்தத் தொட்டியே தொலைந்து போயிற்று. பின்னால் செய்த பிரதிகள்தாம் இன்று கலைக்கூடங்களில் இருக்கின்றன. அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் ஏற்பட்டுவிட்டதாகத் தெரியவில்லை.

அதே துஷாம்பின் நண்பர் கான்ஸ்டன்டின் பிரான்குஸி. அவர் செய்த பறவைகளின் விஷயம் இதற்கு நேர் எதிரானது. யோசனை என்று பார்த்தால் அவற்றில் ஒன்றுமே இல்லை. பறவையின் உருவத்தைச் செய்யாமல் பறப்பதைச் செய்ய வேண்டும் என்பதுதான் யோசனை. அதை ஒரே வரியில் சொல்லியாகிவிட்டது. மிச்சமெல்லாம் கல்லிலும் உலோகத்திலும் இருக்கிறது. அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தச் சிற்பத்துக்கு வழங்கும் பெயரை 'விண்வெளிப் பறவை' என்று மொழிபெயர்க்கலாந்தான். ஆனால் 'விண்வெளி' என்ற சொல்லை ராக்கெட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் 'ஆகாசப் பறவை' என்றே சொல்கிறேன். 1923-லிருந்து ஏறக்குறைய இருபது வருஷ காலத்தில் பிரான்குஸி இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். சலவைக்கல்லில் ஏழு, வெண்கலத்தில் ஒன்பது என்று கணக்குச் சொல்கிறார்கள். நியூயார்க்கில் இருக்கின்றன, பிலடெல்பியாவில் இருக்கின்றன, பாரிஸிலும் வெனிஸிலும் இருக்கின்றன. அங்கெல்லாம் போகாமல் ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவுக்கு நான் போனதற்குக் காரணம் உண்டு. அங்கே கறுப்புச் சலவைக்கல்லில் ஒன்றும் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒன்றுமாக இரண்டு பறவைகள் ஜோடியாக இருக்கின்றன. அந்த இரண்டும் நம் தேசத்துக்காக, இந்தூரில் ஒரு கோயிலில் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை.

பிரயாணத்தைப் பற்றி விஸ்தரிக்க ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஸிட்னி. ஸிட்னியிலிருந்து கான்பெராவுக்குப் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். வழியெல்லாம் காய்ந்த புல்வெளியும் யூகலிப்டஸ் மரங்களும் ஆடுகளும். கான்பெரா தானாக வளர்ந்த ஊர் அல்ல. போட்டி வைத்து, 1912-ல் வால்ட்டர் பர்லி கிரிபின் என்ற அமெரிக்கரின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டியது. ஆகையால் எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. தெருவில் ஜனங்களைத்தான் காணோம். ஏரிக்கரையில் பெரிய கான்கிரீட் கட்டடம் ஒன்று; அதுதான் தேசியக் கலைக்கூடம். உள்ளே போக நான் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவன் 'கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்' என்று ஓடுவான். நான் இரண்டே இரண்டு பொருள்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் செய்தவரைப் பற்றி நாலு வார்த்தை.

பிரான்குஸி 1876-ல் ருமேனியாவில் ஹோபிட்ஸா என்ற குக்கிராமத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தார். மரவேலை நிறைந்த பிரதேசம் அது. வீட்டுத் தூண், வாசற்கதவு, நூற்கும் கோல் எல்லாவற்றிலும் செதுக்கு வேலை இருக்கும். க்ரயோவா நகரத்தில் கைத்தொழில் பள்ளியில் படித்து, பிறகு புக்காரெஸ்ட்டில் சிற்பம் படித்து, 1904-ல் பாரிஸ் வந்து சேர்ந்தார். வழியில் பெரும்பகுதியை நடந்தே கடந்தார் என்பார்கள். 1907-ல் ரோதானின் பட்டறையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பெரிய மரத்தின் நிழலில் எதுவும் முளைக்காது என்று சொல்லிவிட்டு அங்கிருந்து வெளியேறியதாக ஒரு கதை வழங்குகிறது. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நிழலைவிட முக்கியமான காரணம் வேறு. ரோதான் களிமண்ணில் உருவம் செய்வார். அதைப் பார்த்துக் கல்லில் கொத்துவதற்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள். பிரான்குஸிக்கு அது ஒத்துவரவில்லை. தன் கையாலேயே கல்லில் நேராக இறங்கினார். உளி வேலையோடு மெருகு வேலையும் அவர் கைவேலைதான். வெண்கலத்தை வார்ப்பதற்கு மட்டும் வெளியே கொடுப்பார். வார்த்து வந்ததை வாரக்கணக்கில் தேய்ப்பவர் அவரே.

பறவை ஆரம்பத்தில் இவ்வளவு மெலிந்து இருக்கவில்லை. 1910-ஐ ஒட்டிச் செய்த முதல் பறவைக்கு 'மையாஸ்த்ரா' என்று பெயர். அது ருமேனிய நாட்டுக் கதைகளில் வரும் மாயப் பறவை. அதற்குத் தடித்த மார்பும், வளைந்த கழுத்தும், பாடுவதற்குத் திறந்த வாயும் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. 'பொன் பறவை' என்று அடுத்து வந்ததில் கழுத்தும் மார்பும் ஒன்றாகிவிட்டன. 1923-ல் 'ஆகாசப் பறவை' வந்தபோது காலும் இல்லை, அலகும் இல்லை, இறக்கையும் இல்லை. அடியில் சிறு கூம்பாக ஒரு பாதம், அதற்கு மேல் விரல் பிடியளவுக்கு ஒடுங்கிய ஓர் இடுக்கு. அங்கிருந்து மெல்லப் பருத்து, மறுபடியும் ஒடுங்கி, உச்சியில் சாய்வாக ஒரு வெட்டு. அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதானா?' என்ற கேள்வி பறவையைப் பெரிய வம்பில் மாட்டிவிட்டது. 1926-ல் எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற புகைப்படக் கலைஞர் வாங்கியிருந்த வெண்கலப் பறவை ஒன்று, பிரான்குஸியின் கண்காட்சிக்காகக் கப்பலில் நியூயார்க் வந்தது. கூட வந்தவர், நாம் முன்னே பார்த்த துஷாம்ப். அமெரிக்கச் சட்டப்படி அசல் சிற்பத்துக்குச் சுங்கவரி கிடையாது. சுங்கத்துக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பளபளவென்று நீளமாக ஓர் உலோகத் துண்டு. இது சிற்பம் அல்ல என்று தீர்மானித்து, சமையலறைச் சாமான்கள், ஆஸ்பத்திரிக் கருவிகள் என்ற இனத்தில் சேர்த்து நூற்றுக்கு நாற்பது வரி போட்டுவிட்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. சாட்சிக் கூண்டில் ஏறிய ஸ்டைக்கனிடம், காட்டில் இதைப் பார்த்தால் பறவை என்று நினைத்துச் சுடுவீரா என்று நீதிபதி கேட்டார். சுடமாட்டேன் என்றார் அவர். ஜேகப் எப்ஸ்டைன் போன்ற சிற்பிகள் வந்து இது சிற்பமே என்று சாட்சி சொன்னார்கள். இயற்கைப் பொருளை அப்படியே நகல் செய்யாமல் கருத்துகளை உருவமாக்கும் புதிய கலை ஒன்று தோன்றியிருக்கிறது. நமக்கு அதில் ருசி உண்டோ இல்லையோ, அது இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்ற தோரணையில் 1928 நவம்பரில் தீர்ப்பாயிற்று. பறவை ஜயித்தது.

கலை உலகத்தார் அன்று முதல் இன்று வரை அந்தச் சுங்க அதிகாரிகளைக் கேலி செய்து வருகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நன்றாகத் தேய்த்த பாத்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கோர்ட்டுத் தீர்ப்பு அதற்கு விடை சொல்லவில்லை. ஒரு சிற்பி செய்தார், அலங்காரத்தைத் தவிர வேறு உபயோகம் இல்லை, பார்க்க அழகாக இருக்கிறது. ஆகவே இது கலை என்பதுதான் தீர்ப்பின் சாரம். உபயோகமில்லாத அழகான பொருள் நம் வீட்டு ஷோகேஸில்கூட நாலைந்து இருக்கிறது.

எனக்குத் தோன்றிய விடை இது. பாத்திரம் கடைசலில் பிறப்பது. மரத்தையோ உலோகத்தையோ கடைசல் பட்டறையில் சுழலவிட்டு உளியைக் காட்டினால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரியான உருவம் கிடைக்கும். தொட்டில் கட்டையும் கட்டில் காலும் செஸ் காயும் அப்படிப்பட்டவை. ஒரு பக்கம் பார்த்தால் போதும். மறுபக்கத்தை மனசு பூர்த்தி செய்துகொள்ளும். ஆகாசப் பறவையின் போட்டோவைப் பார்த்தால் இதுவும் கடைசல் வேலைதான் என்று தோன்றும். அது போட்டோவின் பொய். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் இருக்கும் 1928-ஆம் வருஷத்து வெண்கலப் பறவையின் அளவுகளைப் பாருங்கள். உயரம் சுமார் 137 சென்டிமீட்டர். பருமன் ஒரு வாட்டத்தில் 21.6, மறு வாட்டத்தில் 16.5. அதாவது அது உருளை அல்ல. அதற்கு முன்பக்கம் உண்டு, முதுகு உண்டு. முன்பக்கம் மூச்சை இழுத்த மார்பைப் போல இலேசாக முன்னே வளைகிறது. முதுகு அந்த அளவுக்கு வளைவதில்லை. உச்சியிலுள்ள வெட்டு ஒரு திசையைப் பார்க்கிறது.

கான்பெராவில் வெள்ளைப் பறவையைச் சுற்றி நடந்தபோது இது எனக்குக் கண்கூடாயிற்று. எதிரே நின்றபோது ஆணியடித்தாற்போல் நேராக நின்றது. நாலடி நகர்ந்ததும் கொஞ்சம் சாய்ந்தது. இன்னும் நாலடி நகர்ந்ததும் சாய்ந்தது நிமிர்ந்து, மார்பு முன்னே வந்து, கிளம்புகிற அந்தக் கணம் போல் ஆயிற்று. மறுபடி நகர்ந்தால் வெறும் கோடு. கல் அசையவில்லை, நடந்தவன் நான். ஆனால் நான் நடக்கும்வரைதான் அது பறந்தது; நின்றால் அதுவும் நின்றது. படத்தில் இதை எப்படிக் கொண்டு வருவது? பிரான்குஸி தாமே நல்ல புகைப்படக்காரர். தம் சிற்பங்களைத் தாமே படம் எடுத்தவர். அவர் எடுத்த படங்களில் வெண்கலப் பறவை வெளிச்சத்தில் வெடித்துச் சிதறுவது போல் இருக்கும். ஒரு பக்கத்தைக் காட்டி முடிந்து போகிற காரியத்தைச் செய்ய மனமில்லாமல்தான் அவர் உருவத்தையே அழித்துவிடுகிற வெளிச்சத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சங்கதியும் நேரில்தான் தெரிகிறது. கல்லுக்குக் கனம் உண்டு. ஆளுயரத்தை ஒட்டிய சலவைக்கல் முழுதும் அடியிலிருக்கும் அந்த ஒடுங்கிய இடுக்கின் மேல் நிற்கிறது. வெண்கலத்தில் இது பெரிய விஷயமில்லை, உலோகம் தாங்கும். சலவைக்கல் தாங்காது, பட்டென்று முறியும். அந்த இடுக்கைச் செதுக்கும்போது மனுஷன் எப்படி மூச்சு விட்டிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. பறவை லேசாக இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். லேசாக இருப்பது ஆச்சரியமே இல்லை. கனமான பொருள் லேசாக ஆகிற இடம் நம் கண்ணெதிரே ஒரு சாண் உயரத்தில் நடக்கிறது. அதுதான் ஆச்சரியம்.

வெள்ளையும் கறுப்பும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைகள் என்று படத்தில் தோன்றும். அல்ல. அளவிலே வித்தியாசம், போக்கிலேயும் வித்தியாசம். வெள்ளைக்கல் வெளிச்சத்தைக் குடித்துக்கொள்கிறது. ஓரம் எங்கே முடிகிறது, காற்று எங்கே ஆரம்பிக்கிறது என்பது மங்கலாகிவிடுகிறது. கறுப்புக்கல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. அதன் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. விளக்கும் சுவரும் நம் முகமும் அதில் நூலாக நீண்டு தெரிகின்றன. வெள்ளையின் எதிரில் நிற்கும்போது என்னை மறந்தேன். கறுப்பின் எதிரில் நிற்கும்போது என்னையே பார்த்தேன். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் வெள்ளை என்றே சொல்வேன். ஆனால் கறுப்பு பக்கத்தில் இருப்பதால்தான் வெள்ளையின் அடக்கம் தெரிகிறது. வெள்ளைக்குச் சுண்ணாம்புக்கல்லிலும், கறுப்புக்கு வெள்ளைச் சலவைக்கல்லிலுமாகக் கழுத்துப் பட்டை போல ஒரு துண்டு வைத்து, அதன் கீழே மணற்கல்லில் பீடம் அமைத்திருக்கிறார். பீடத்தோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் போகிறது. மணற்கல்லுக்கு மெருகில்லை, சொரசொரப்பு. அதிலிருந்து மேலே போகப் போகக் கல் நாகரிகம் அடைகிறது.

குறை இல்லாமலில்லை. இந்த மெருகு இருக்கிறதே, அது ஆபத்தான சரக்கு. வெண்கலத்தில் அந்தப் பளபளப்பு சில இடங்களில் செல்வர் வீட்டுப் பளபளப்பாக மாறிவிடுகிறது. 1930-களில் ஐரோப்பாவிலே பணக்காரர்கள் நாற்காலி, சிகரெட் பெட்டி, மோட்டார் எல்லாவற்றையும் வழுவழுவென்று பண்ணிக்கொண்டார்கள். அந்தச் சாமான்களுக்கு நடுவே வைத்தால் ஆகாசப் பறவை முரண்டு பண்ணாமல் சேர்ந்துகொள்ளும். பெரிய கலை எதுவும் அவ்வளவு சுலபமாக ஒரு வரவேற்பறையோடு ஒத்துப்போகக் கூடாது. சலவைக்கல் பறவைகளிடம் இந்தக் குறை குறைவு; கல்லில் ஓடும் இயற்கையான ரேகை மெருகைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

செல்வர் வீடு என்று சொன்னது சும்மா அல்ல. இந்தப் பறவைகளை வாங்கியவர் இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர். 1908-ல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். பெர்லினைச் சேர்ந்த எக்கார்ட் முத்தேசியஸ் என்ற இளம் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1930-ல் இந்தூரில் மாணிக் பாக் அரண்மனையைக் கட்ட ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் எது புதுசோ அதெல்லாம் அங்கே வந்திறங்கியது. அலுமினியக் கட்டில் உட்பட. பாரிஸில் பிரான்குஸியின் பட்டறைக்குப் போன மகாராஜா வெண்கலத்தில் ஒரு பறவையை வாங்கினார். பிறகு கறுப்பிலும் வெள்ளையிலும் இரண்டு வேண்டும் என்றார். மூன்றையும் வைக்க ஒரு தியானக் கோயில் கட்டித் தரும்படி சிற்பியிடம் பேச்சு நடந்தது.

அந்தக் கோயிலைப் பற்றிக் கிடைக்கும் விவரங்கள் விசித்திரமானவை. ஜன்னல் கிடையாது. தரைக்குக் கீழே சுரங்க வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நடுவே தண்ணீர், சுற்றிப் பறவைகள். கூரையில் ஒரு துவாரம். குறிப்பிட்ட வேளையில் சூரிய ஒளி அதன் வழியே இறங்கி வெண்கலப் பறவையின் மேல் விழும். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம்.

1937 இறுதியில் பிரான்குஸி இந்தியாவுக்குப் புறப்பட்டார். வயது அறுபத்தொன்று. அந்த வருஷந்தான் தம் சொந்தப் பிரதேசமான டிர்கு ஜியூவில், முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்களின் ஞாபகமாக, இருபத்தொன்பது மீட்டருக்கு மேல் உயரமுள்ள 'முடிவில்லாத் தூணை' நிறுத்தியிருந்தார். (2024-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.) அதே வேகத்தில் இந்தூரிலும் ஒன்றைச் செய்துவிடலாம் என்று வந்திருக்க வேண்டும். வந்த வேளை சரியாக இல்லை. அந்த ஜூலையில்தான் இளம் மகாராணி சம்யோகிதா தேவி காலமாகியிருந்தாள். மகாராஜாவின் மனசு வேறெங்கோ இருந்தது. சில வாரங்கள் தங்கிவிட்டு 1938 ஜனவரியில் சிற்பி திரும்பிப் போனார். கோயில் எழும்பவே இல்லை. பிரான்குஸி 1957-ல் பாரிஸில் இறந்தார், மகாராஜா 1961-ல்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சபலம் வரும். ஜன்னலில்லாத அறை, ஒற்றை வெளிச்சம், நிமிர்ந்து நிற்கும் கல். இது கர்ப்பக்கிருகமும் லிங்கமும்தானே என்று சொல்லிவிடலாம். பிரான்குஸி திபெத்திய ஞானி மிலரேபாவின் சரித்திரத்தை விரும்பிப் படித்தவர் என்பதை வைத்து, மேல்நாட்டு விமர்சகர்களே இந்த வழியைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாததெல்லாம் கிழக்கத்தி மர்மம். நமக்கு அதைக் கேட்டால் பெருமை. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. லிங்கம் கிளம்பிப் பறக்கப் பார்ப்பதில்லை. அது வேரூன்றி நிற்பது. இடத்தை விட்டு நகராது என்பதுதான் அதன் அர்த்தமே. பறவை ருமேனிய நாட்டுக் கதையில் பிறந்து பாரிஸில் வளர்ந்தது. அதற்குப் பூணூல் போட வேண்டிய அவசியமில்லை.

ஆனால் உருவத்துக்கும் இடத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நமக்குச் சில விஷயங்கள் தெரியும். அதே கான்பெராக் கலைக்கூடம் 2008-ல் நியூயார்க் சிலை வியாபாரி ஒருவரிடமிருந்து ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்குச் சோழர் காலத்து நடராஜர் ஒன்றை வாங்கியது. அரியலூர் ஜில்லாவில் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது அது என்பது பின்னால் வெளியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் புதுடில்லிக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். ஆக, அந்த ஒரே கட்டடத்தில் சில வருஷங்கள், கோயிலை இழந்த நடராஜரும், கோயிலே கிடைக்காத இந்தப் பறவைகளும் ஒன்றாகக் குடியிருந்திருக்கிறார்கள். நான் போனபோது நடராஜர் இல்லை. இருந்திருந்தால் அவர் அழகாகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவர் முன்னால் நிற்கும் தமிழன் கண்ணாடிப் பெட்டியை மட்டும் பார்க்கமாட்டான். தீபாராதனையையும் மாலையையும் மேளச் சத்தத்தையும் தன் ஞாபகத்திலிருந்து எடுத்து அவருக்குச் சாத்துவான். பறவைக்கு அப்படிச் சாத்த நம்மிடம் ஒன்றுமில்லை. ஒருவரும் அதைக் கும்பிட்டதில்லை. அதற்கென்று ஒரு நாழிகையோ திருநாளோ ஏற்பட்டதில்லை. வெறுங்கையோடுதான் எதிரே நிற்க வேண்டும்.

கோயில் எழும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்குமா? எல்லோரும் ஐயோ பாவம் என்று எழுதுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கூரைத் துவாரம், குறித்த வேளையில் விழும் ஒளி, சுரங்க வழி, இவையெல்லாம் எனக்கு நாடக மேடையை ஞாபகப்படுத்துகின்றன. இங்கே நில், இப்போது பார், இதை அனுபவி என்று உத்தரவிடும் கட்டடம் அது. பறவையோ சுற்றி நடப்பவனுக்குத் தன்னைக் கொடுக்கிற பொருள். தண்ணீருக்கு அப்பால் நிறுத்திவிட்டால் அந்த நாலடி நகர்வது எங்கே? சிற்பி பிரான்குஸி செய்ததைக் கட்டடக்காரர் பிரான்குஸி கெடுத்திருப்பார் என்றே பயப்படுகிறேன். அந்தத் திட்டத்தில் எனக்கு ஆசை தருவது ஒன்றே ஒன்று: ஒரு சமயத்தில் ஒருவர்தான் என்ற விதி. நான் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் இருபது முப்பது பேர் வந்தார்கள். பெரும்பாலோர் சுவரிலிருந்த சீட்டைப் படித்தார்கள், கைபேசியை உயர்த்தினார்கள், போனார்கள். நடந்து சுற்றியவர்கள் நாலு பேர் இருக்கலாம். அவர்களில் ஒன்று, தாயின் கையை உதறிவிட்டு ஓடிய குழந்தை.

ஆகவே கோயில் எழும்பாததால் பறவைகளுக்குப் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் யாருக்கு என்பது வேறு கணக்கு. கான்பெராக்காரர்கள் இரண்டு சலவைக்கல் பறவைகளையும் 1973-ல் வாங்கினார்கள். அப்போது அவர்களுக்குக் கட்டடமே இல்லை. கலைக்கூடம் திறந்தது 1982-ல். அதே 1973-ல் அமெரிக்க ஓவியர் ஜாக்ஸன் பொல்லாக்கின் 'நீலக் கம்பங்கள்' என்ற படத்தைப் பதின்மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கிவிட்டு, பத்திரிகைகளிடமும் பார்லிமெண்டிலும் நன்றாக வசவு வாங்கினார்கள். ஜனங்களின் வரிப்பணத்தில் இப்படிக் கிறுக்கலை வாங்கலாமா என்று ஒரே ரகளை. எனக்கு அந்த ரகளையின் மேல் பொறாமையாக இருக்கிறது. ஒரு தேசம் தான் வாங்கிய படத்துக்காகச் சண்டை போட்டது. சென்ற நூற்றாண்டுச் சிற்பத்தில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய மூன்று பொருள்கள் முப்பது வருஷத்துக்கு மேல் நம் மண்ணில் இருந்தன. அவை போனபோது நாம் அப்படி ஒரு சண்டையும் போடவில்லை. நடராஜரைத் திருடிக்கொண்டு போனார்கள், போராடித் திரும்பப் பெற்றோம். பறவைகளை ஒருவரும் திருடவில்லை. விற்றார்கள், வாங்கினார்கள், ரசீது சுத்தமாக இருக்கிறது.

மாணிக் பாக் அரண்மனையின் மேஜை நாற்காலிகளும் 1980-ல் மொனாக்கோவில் ஏலம் போயின. கட்டடம் மட்டும் இந்தூரில் நிற்கிறது. அது பின்னால் சுங்கம், கலால் இலாகாவின் ஆபீஸாயிற்று. பறவையைச் சமையல் சாமான் என்று சொன்ன உத்தியோக வர்க்கத்துக்கே கடைசியில் பறவைகளின் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் கதை எழுதுகிறவன். இதை ஒரு நாவலில் வைத்திருந்தால் பத்திராசிரியர் நம்பமாட்டார்.

மூன்றாவதான வெண்கலப் பறவை கலிபோர்னியாவில் பாஸடேனா நகரத்தில் நார்ட்டன் ஸைமன் கலைக்கூடத்தில் இருக்கிறது. கூடப் பிறந்த மூன்றுக்கும் நடுவே இப்போது பசிபிக் சமுத்திரம். வெள்ளை அடங்கியது, கறுப்பு அறுப்பது. மூன்றாவது நெருப்பு மாதிரி இருந்திருக்க வேண்டும், அல்லது இரண்டையும் கெடுத்திருக்க வேண்டும். படத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கிளம்புவதற்கு முன்னால், இரண்டு பீடங்களுக்கும் நடுவே அது இருந்தால் எந்த உயரத்துக்கு வரும் என்று கையை உயர்த்தி அளந்து பார்த்தேன். காவலர் வந்து, தயவுசெய்து ஓரடி பின்னால் நிற்கும்படி சொன்னார்.